பெரட்டுக்களமும் கந்தோர் மேசையும்

(இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் வாசிகசாலையில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

  

இந்த வாசிகசாலையின் படியேறும்போதே ஒரு தாயார் என்னை நிறுத்திவிட்டார். முப்பதாண்டு கொழுந்தெடுத்த கை அவர் கை. "ஏன் தம்பி, வேலைக்கு வரச்சொன்னால் போகவேண்டியதுதானே? நாங்கள் விடிகாலையில் பெரட்டுக்குப் போகவில்லையா? இதற்கும் ஒரு கூட்டமா?" என்று கேட்டார்.

அருகில் அவருடைய பேத்தி நின்றாள். அவள் கைபேசியில் ஒரு கடிதம். அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஐந்து நாளும் கொழும்புக் கந்தோருக்கு வரவேண்டும். யாருக்கும் நிலையான மேசை இல்லை. காலையில் வருவோர் காலியாகக் கிடக்கும் இடத்தில் அமர்ந்துகொள்ளலாம். இதுதான் கடிதத்தின் சாரம். போவதா, வேலையை விடுவதா என்று அந்தப் பெண் தவித்துக்கொண்டிருக்கிறாள். இந்த லயத்திலிருந்து கந்தோர் வேலைக்குப் போன முதற்பெண் அவள். அவள் வேலையை விட்டால், அவளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கும் பத்துச் சிறுமிகளின் கண்ணில் ஒளி மங்கும். ஆகவே, பாட்டியாருக்கும் பேத்திக்கும் சேர்த்தே இன்று பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஊரடங்கில் நடந்தது என்ன?

2020 மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு விழுந்தது. கந்தோர்கள் கதவடைத்தன. கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், அங்கிருந்தே வேலை பாருங்கள் என்றனர் முதலாளிமார். ஆனால் தோட்டங்கள் மூடப்படவில்லை. தோட்ட வேலைக்கு அனுமதியுண்டென்று அரசு அறிவித்தது. ஆதலால், பேத்தி காம்பராவுக்குள் அமர்ந்து கணினியில் கணக்கெழுதினாள். பாட்டி கூடையைச் சுமந்து மலையேறினாள். நோய்க்கு அஞ்சி நகரம் உறங்கியபோதும் நாட்டின் தேயிலை நிற்கவில்லை. அந்த நாளில் நம் தாய்மாருக்குக் கிடைத்த அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய்.

பேத்தியின் பாடு என்ன? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் படுக்கை, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் கொம்பனியின் கந்தோர்! மின்சாரச் செலவு அவளுடையது. இணையச் செலவும் அவளுடையதே. சிக்னல் கிடைக்காத வேளையில் மழையில் குடைபிடித்து மேட்டில் நின்று முதலாளிக்குப் பதில் சொன்னாள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. அப்போதும் விளக்கு வந்த இரவில் விழித்திருந்து வேலையை முடித்தாள். வேலை நின்றதா? இல்லை. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பெற்றோல் இல்லாமல் நாடு தத்தளித்தபோது, அரசாங்கமே தன் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது, வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கியது.

நெருக்கடியில் வீடு கந்தோராகலாம். நெருக்கடி நீங்கியதும் வீட்டில் செய்த வேலை வேலையாகவே எண்ணப்படமாட்டாதாம். இது என்ன நீதி? தீயணைக்க வந்தவனைத் தீ அணைந்தபின், "நீ ஏன் வாசல் வழியாக வரவில்லை?" என்று கேட்பதை ஒக்கும் இது.

பாதையின் கணக்கு

இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். மலையடிவாரத்துத் தோட்டத்திலிருந்து இரத்தினபுரிக்கு வந்துசேர்வது தனிக்கணக்கு. பஸ்ஸில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஆறு, ஐந்து நாளைக்கு 30 மணி நேரம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை என்று வரையறுத்தது. அந்த 45இல் இந்த 30 சேராது. பாதையில் கழியும் பொழுதுக்குச் சம்பளமில்லை. அதைக் கணக்கெடுப்பாரும் இல்லை. நாள்தோறும் போய்வருதல் ஆகாதென்றால் கொழும்பில் விடுதி எடுக்கவேண்டும். சம்பளத்தில் பாதி விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டால், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது என்ன?

ஒரு வரலாற்றையும் சொல்லவேண்டும். 1912ஆம் ஆண்டிலேயே இரத்தினபுரிக்கு ரயில் வந்துவிட்டது. களனிவெளி இருப்புப்பாதை 1919இல் ஓபநாயக்கை வரை நீண்டது. யாருக்காகப் போட்டனர் அந்தப் பாதையை? தேயிலைப் பெட்டியும் ரப்பர்ப் பொதியும் கொழும்புத் துறைமுகத்துக்குப் போய்ச்சேரத்தான்! நம் முன்னோர் பறித்த கொழுந்து ரயிலேறிப் போயிற்று. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் அந்தப் பாதை மூடப்பட்டது. கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் படித்துக் கொழும்புக்குப் போகவேண்டிய காலம் வந்தபோது, தண்டவாளம் இல்லை. பெட்டிக்கு வழியிருந்த நாட்டில், பிள்ளைக்கு வழியில்லை! 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தபோது கேகாலை மாவட்டத்தில் மண் சரிந்து உயிர்கள் போயின. இத்தகைய மலைப்பாதையைத்தான் ஐந்து நாளும் தாண்டி வா என்கிறது கடிதம்.

மரமும் மேசையும்

சரி, எப்படியோ போய்ச் சேர்ந்தாள். அமர இடம் உண்டா? நூறு பேர் வேலை செய்யும் கந்தோரில் அறுபது நாற்காலி போட்டால், வாடகையில் மிச்சம். முந்தியவர் அமர்வர், பிந்தியவர் மடிக்கணினியைக் கையில் ஏந்திச் சாப்பாட்டு அறையில் ஒதுங்குவர். பிந்துவது யார்? கந்தோருக்குப் பக்கத்தில் குடியிருப்பவரா? நான்கு மணிக்கே எழுந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் நின்றுவந்த தோட்டத்துப் பிள்ளைதான்! இதற்கு "ஹொட் டெஸ்க்" என்று பெயர். கப்பற்படையில் ஒருவன் எழுந்த சூடு ஆறுமுன் அதே படுக்கையில் இன்னொருவன் படுக்கும் வழக்கத்திலிருந்து பிறந்த பெயர் என்பர். ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் மாறிமாறி உறங்கிய கதை கேட்டு வளர்ந்த நமக்கு, இதன் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

இது புதிய ஞானமும் அன்று. 1990களின் நடுவில் அமெரிக்காவில் ஜே சயட் என்பவரின் விளம்பரக் கொம்பனி, லொஸ் ஏஞ்சலிஸ் கந்தோரில் மேசைகளை ஒழித்தது. ஊழியருக்குக் கிடைத்தது பொருள் வைக்க ஒரு சிறு பெட்டி. விளைவு? வேலை செய்ய இடம் தேடுவதே வேலையாயிற்று. சிலர் தம் மோட்டார் வண்டியின் பின்பெட்டியைக் கோப்பு அறையாக்கினர். சில ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2024 செப்டெம்பரில் அமேசன் கொம்பனி தன் கந்தோர் ஊழியரை 2025 ஜனவரி முதல் ஐந்து நாளும் வரவேண்டுமென்றது. அந்த அறிவிப்பிலேகூட, முன்பு நிலையான மேசை இருந்த இடங்களில் மீண்டும் அவரவர்க்கு மேசை தருவோம் என்றது. அழைப்பதில் கடுமை காட்டிய கொம்பனிகூட மேசையின் அவசியத்தை மறுக்க இயலவில்லை.

கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களைக் கேட்கிறேன்: பால்வெட்டுக்குப் போகும் ஒருவருக்கு எத்தனை மரம்? இருநூற்றைம்பது, முந்நூறு. அவை யாருடைய மரங்கள்? தோட்டத்துக்குச் சொந்தம். ஆயினும் இந்த வரிசை இன்னாருக்கு என்று வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நாள்தோறும் வெட்டுபவரை மாற்றிக்கொண்டிருந்தால் கத்தியின் ஆழம் மாறும், பட்டை காயப்படும், பால் குறையும். எந்த மரத்துப் பட்டை எப்படிப்பட்டது என்று வழக்கமாக வெட்டும் கைக்குத்தான் தெரியும். இரக்கத்துக்குப் பெயர்போகாத தோட்டத்துரைகள் கூட இதை அறிந்திருந்தனர். ஒரு ரப்பர் மரத்துக்குக் காட்டும் அக்கறையை, பட்டம் படித்த ஊழியருக்குக் காட்டக்கூடாதா? தன் இடம், தன் விளக்கு, பக்கத்தில் தெரிந்த முகம் — இவை ஆடம்பரமல்ல. வேலை செம்மையாக நடப்பதற்கு வேண்டிய முதற்பொருள்.

வருகைக்கு ஒரு விலை

தோழர்களே! வருகையைச் சம்பளத்தோடு முடிச்சுப்போடும் தந்திரம் நமக்குப் பழையது. பிந்திவந்தவரைப் பெரட்டுக்களத்திலிருந்து திருப்பி அனுப்பிய கதை எந்த லயத்தில் இல்லை? கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்ட கதை எந்தக் குடும்பத்துக்குத் தெரியாது? 2019க்கு முந்திய கூட்டு ஒப்பந்தங்களில் வருகைக் கொடுப்பனவு என்று ஒன்று இருந்தது. வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் 75 விழுக்காடு வந்தால்தான் அது கையில் விழும். பிள்ளைக்குக் காய்ச்சல், அண்டைவீட்டில் மரணம், தனக்கு முதுகுவலி என்று நின்றுவிட்டால், வந்த நாட்களுக்குரியதும் போயிற்று. 2025 நவம்பரில் படிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில், அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக்கி, அதோடு நாள்வருகைக்கென 200 ரூபாயை அரசே தருமென்று அறிவித்தனர். பணம் கூடுவதை வரவேற்போம். ஆனால் அது அடிப்படைச் சம்பளமாக வராமல் வருகையின் கயிற்றில் கட்டப்பட்டு வருவதையும் கவனிப்போம்.

இப்போது பேத்தியின் உலகத்தைப் பாருங்கள். இந்தியாவின் பெரிய கணினிக் கொம்பனியான டி.சி.எஸ். 2023 அக்டோபரில் எல்லாரையும் ஐந்து நாளும் கந்தோருக்கு அழைத்தது. 2024இல், காலாண்டுக்கொருமுறை தரும் மாறுசம்பளத்தை வருகையோடு இணைத்தது. 85 விழுக்காட்டுக்குமேல் வந்தவருக்கு முழுத்தொகை. 60க்குக் குறைந்தவருக்கு ஒன்றுமில்லை. தாயார் அவர்களே! உங்களுக்கு 75, அவர்களுக்கு 85. கூடை சுமப்பவருக்கும் கணினி சுமப்பவருக்கும் ஒரே தராசு. படித்தால் பெரட்டிலிருந்து தப்பலாமென்று நம் பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். பெரட்டு அவர்களுக்கு முன்பே போய்க் கந்தோர் வாசலில் காத்துநிற்கிறது!

மறுபக்கமும் கேட்போம்

முதலாளிமார் கூறும் காரணங்களையும் நேர்மையாக எடைபோடவேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் மூத்தவர் அருகிலிருந்துதான் தொழில் கற்பர் என்கிறார்கள். உண்மை உண்டு. பக்கத்துக் கையைப் பார்த்துத்தானே நீங்கள் கொழுந்தெடுக்கக் கற்றீர்கள்? வாடிக்கையாளரின் இரகசியங்கள் வீட்டில் பாதுகாப்பாக இரா என்கிறார்கள். சில வேலைகளுக்கு அதுவும் பொருந்தும். இன்னொன்றும் நானே சொல்கிறேன்: பெண்பிள்ளை வீட்டில் இருந்தால், கணினி வேலையோடு அடுப்பு வேலையும் தண்ணீர் சுமக்கும் வேலையும் அவள் தலையிலேயே விழுகின்றன. காம்பராவின் நெருக்கடியிலிருந்து விடுபட்டுக் கந்தோருக்கு ஓடவிரும்பும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. ஆகவே, எல்லாரும் வீட்டிலேயே இருக்கவேண்டுமென்று எவரும் இங்கே வாதிடவில்லை.

ஆனால் வீட்டிலிருந்தால் வேலை கெடும் என்ற குற்றச்சாட்டு இருக்கிறதே, அதற்குச் சான்று கேட்கிறோம். சீனத்தின் டிரிப் டொட் கொம் கொம்பனியில் 1,612 ஊழியரை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். ஒரு பிரிவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை; மறுபிரிவுக்கு ஐந்து நாளும் கந்தோர். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து நிக்கொலஸ் புளூமும் அவரது கூட்டாளிகளும் முடிவை 2024இல் "நேச்சர்" ஏட்டில் வெளியிட்டனர். வேலையின் தரத்தில் வேறுபாடில்லை, பதவியுயர்விலும் வேறுபாடில்லை. வேலையை விட்டு விலகியோர் தொகை மட்டும் மூன்றிலொரு பங்கு குறைந்தது. அந்த நன்மை பெண்களிடத்திலும், நெடுந்தூரம் பயணிப்போரிடத்திலும் மிகுந்து தெரிந்தது. நெடுந்தூரம் பயணிக்கும் பெண்! நம் பேத்தியைத் தவிர வேறு யார் அவள்?

வீடு யாருடையது?

வேலையிடத்தில் ஒரு மனிதனுக்கு உரிமை என்ன என்ற கேள்வி இந்தச் சப்பிரகமுவ மண்ணில் முன்பே எழுந்தது. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் கிராம மக்களுக்கென எடுத்துக்கொண்டது. தொழிலாளர் காம்பராக்களை விட்டு வெளியேறவேண்டுமென்று உத்தரவு பிறந்தது. நிலமற்ற சிங்களக் கிராமத்தவர்மீது நம்மவர்க்குப் பகையில்லை, போக்கிடந்தான் இல்லை. அவர்கள் வெளியேற மறுத்தனர். தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. காம்பராவிலேயே தங்கியிருந்த ஒரு தொழிலாளியை அத்துமீறிய குற்றவாளி என்று நீதிமன்றம் தண்டித்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1950இல் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. அவன் அங்கே இருந்தது பிறருக்குத் தொல்லை தருவதற்காக என்று கொள்ளமுடியாது. நெடுங்காலம் வாழ்ந்த வீட்டை விடாமலிருக்கவே இருந்தான் என்பதே அந்தத் தீர்ப்பின் கருத்து.

அன்றைய தொழிலாளிக்கு வீடும் வேலைத்தலமும் ஒருவர் கையிலே இருந்தன. வேலை போனால் வீடும் போகும். இன்று லயத்துக் காம்பராவின் உறுதிப்பத்திரம் இன்னும் பலருக்கு இல்லை. கொழும்புக் கந்தோரில் நாற்காலியும் இல்லை. வீட்டிலும் நிலையான இடமின்றி, வேலையிலும் நிலையான இடமின்றி நம் பிள்ளை அலைகிறாள். மூன்று தலைமுறையாக நாம் கேட்டுவருவது ஒன்றே: எங்கள் உழைப்பை எடுத்துக்கொள்பவர், எங்களுக்கு ஓர் இடத்தைத் தரட்டும்.

நாம் கேட்பவை

கேட்பவை என்ன என்பதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கொம்பனிகளுக்கு: வேலைக்குச் சேர்க்கும்போதே எத்தனை நாள் கந்தோர் என்பதை எழுத்தில் தாருங்கள். அதை மாற்றுவதானால் ஊழியரோடு பேசி, போதிய காலம் கொடுத்து மாற்றுங்கள். ஐந்து நாளும் வரச்சொன்னால் ஐந்து நாளும் அமர ஓரிடம் தாருங்கள். வீட்டிலிருந்து வேலை வாங்கினால் மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் பங்கு தாருங்கள். தொலைவிலிருந்து வருவோரின் பயணத்தைக் கணக்கில் எடுங்கள். வேலையை அளக்க வேண்டுமா? செய்துமுடித்த வேலையை அளவுங்கள். வாசற்கதவு திறந்த தடவைகளை எண்ணாதீர்கள்.

அரசாங்கத்துக்கு: 1954இன் சட்டம் கந்தோரை நான்கு சுவருக்குள் கண்ட காலத்துச் சட்டம். இன்றைய உழைப்புக்கேற்ப அதனைத் திருத்துங்கள். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே நேரத்தையும் இடத்தையும் மாற்றக் கோரும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. முதலாளி மறுத்தால் காரணம் கூறவேண்டும். அந்த அளவு உரிமையேனும் இங்கு வரட்டும். தோட்டத்துப் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ நல்ல இணையமும் மின்சாரமும் கொண்ட ஓர் அறை அமையுங்கள். பத்துப்பேர் அமர்ந்து கொழும்பு வேலையை இங்கிருந்தே செய்வர். அவர்கள் சம்பளம் இந்த ஊரிலேயே செலவாகும்.

தொழிற்சங்கங்களுக்கு: கொழுந்துக் கூடையோடு உங்கள் எல்லை முடிந்துவிடவில்லை. லயத்திலிருந்து கந்தோருக்குப் போகும் பிள்ளையும் தொழிலாளியே. அவளையும் சேருங்கள்.

தம்பி தங்கையரே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். காலர் வைத்த சட்டை போட்டவுடன் தொழிலாளியல்ல என்று எண்ணிவிடாதீர்கள். தனித்தனியே கடிதம் எழுதினால் தனித்தனியே வெளியேற்றுவர். ஒரே பிரிவில் வேலை செய்யும் இருபது பேர் ஒரே தாளில் கையெழுத்திட்டுக் கேளுங்கள். பக்கத்து மேசைச் சிங்களத் தோழியும் காலியிலிருந்தோ குருநாகலிலிருந்தோ பஸ்ஸில் நின்று வருபவள்தான். அவள் கையெழுத்து உங்கள் கையெழுத்துக்கு அடுத்ததாக வரட்டும்.

இனி, படியில் என்னைக் கேட்ட தாயாருக்கு. அம்மா! நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறினீர்கள்; கொழுந்தை வீட்டிலிருந்து எடுக்க வழியில்லை, செடி மலைமேல் நிற்கிறது. உங்கள் பேத்தியின் செடி எங்கே நிற்கிறது? அவள் மடியில் இருக்கும் கணினிக்குள் நிற்கிறது. செடி இருக்குமிடத்தில் ஆள் இருந்தால் போதும் என்பது தோட்டத்தின் விதி. அந்த விதியைத்தான் அவள் கேட்கிறாள். நீங்கள் பட்ட பாட்டை அவளும் படவேண்டுமென்று நினைப்பவரல்லர் நீங்கள். அவள் படக்கூடாதென்றுதானே அந்தப் பாட்டைப் பட்டீர்கள்?

ஆகவே அவளை வேலையை விடச்சொல்லாதீர்கள். தலைகுனிந்து போகவும் சொல்லாதீர்கள். கேட்கச் சொல்லுங்கள். அவள் கேட்கும்போது, கூடை சுமந்த நீங்கள் அவள் பின்னால் நில்லுங்கள். கூலி உயர்வுக்காக நீங்கள் பெரட்டுக்களத்தில் உட்கார்ந்த நாளில், அவள் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பாள்.